பக்கங்களைக் கோக்கும் கட்டளை

பத்துக்குப் பின் ஏன் இரண்டு வருகிறது?

பென்டிரைவ் ஒன்றில் நூறுக்கு மேற்பட்ட பாடல்களைப் பதிந்து, அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கிரமமாக இலக்கமிட்டு, அதை வானில் பொருத்திக்கொண்டு காலி வீதி வழியே பயணம் புறப்படுகிறவர், முதற்பாட்டு முடிந்ததும் இரண்டாவதை எதிர்பார்த்திருக்கையில் பத்தாவது பாட்டு ஒலிக்கக் கேட்டு வியப்படைவது பலருக்கும் அநுபவமான விஷயம். பத்தாவதை அடுத்து நூறாவதும், அதன்பின் நூற்றோராவதும் வருகின்றனவேயன்றி, இரண்டாவதற்கு முறை வருவதற்குள் வண்டி பம்பலப்பிட்டியைக் கடந்து நெடுந்தூரம் போய்விடுகிறது. யந்திரம் பழுதடைந்திருக்கிறதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. ஆயினும் பழுது எதுவும் இல்லை.

கோப்பின் பெயரிலுள்ள 10 என்பதைப் பத்து என்னும் எண்ணாக அந்தச் சாதனம் கருதுவதில்லை. அதை 1 என்னும் குறியும் 0 என்னும் குறியும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சொல்லாகவே கருதி, அகராதி தொகுப்பவர் சொற்களை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் அதே முறையில் வரிசைப்படுத்துகிறது. ஆகவே ஒன்றில் தொடங்கும் பெயர்கள் யாவும் முடிந்த பின்னரே இரண்டில் தொடங்கும் பெயர்கள் தலைகாட்டுகின்றன. பாட்டு மாறி ஒலிப்பதால் எவருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் வரிசை மாறிய அக்கோப்புகள் ஒரு பழைய நூலின் பக்கங்களாக இருந்து, அவற்றை ஒன்றாகக் கோத்து உலகுக்கு வழங்கும் பொறுப்பு நம்மிடம் இருந்தால், இந்தச் சிறு புதிர் பெரிய விஷயமாகிவிடுகிறது.

பல கைகள் செய்யும் ஒரு நூல்

அத்தகைய பொறுப்பை ஏற்றவர்கள் தமிழுலகில் உண்டு. 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வசித்த கலாநிதி கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த பேராசிரியர் குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், திருக்குறளைத் தன் முதலாவது மின்னூலாகக் கொண்டு, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் இலவசமாகப் பெறும்படி வழங்கி வந்திருக்கிறது. பெரிய நூல்களை ஒருவரே தட்டச்சு செய்து முடிப்பது அரிதாகையால், பக்கப் படங்களைத் தன்னார்வலர் பலருக்குப் பகிர்ந்தளித்து, அவரவர் ஆக்கித் தந்த பகுதிகளைச் சேர்த்து ஒரு நூலாக்கும் முறையையும் அத்திட்டத்தார் கைக்கொண்டனர். ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் ஒரு நாட்டிலும், அதன் அடுத்த பக்கத்தைச் செய்தவர் வேறொரு கண்டத்திலும் இருக்கக்கூடும்.

ஈழத்தில் இந்தப் பணி தனியான ஓர் அவசரத்தோடு பிறந்தது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின என்பதை அறிந்த எவரும், ஒரு நூல் ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது எத்துணை அபாயம் என்பதை எளிதில் உணர்வர். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஆயிரமாயிரமாக வருடிப் படமாக்கிப் பாதுகாத்து வருகிறது. 1942 இல் தோன்றி இன்று வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலக அலுமாரிகளிலும், 1902 இல் நிறுவப்பட்ட கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை போன்ற ஸ்தாபனங்களிலும், தனியார் வீடுகளின் பரண்களிலும் இன்னும் கிடக்கும் அச்சுப் பிரதிகளை எண்ணிப் பார்க்குமிடத்து, இவ்வேலை ஒரு தலைமுறையில் முடியக்கூடியதன்று.

படம் எடுப்பதோடு வேலை முடிவதும் இல்லை. படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தறியும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் 1985 இல் உருவாகத் தொடங்கி 2005 இல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட டெசரக்ட் என்னும் எழுத்துணரி தமிழையும் படிக்கும். பக்கப் படங்களை ஒவ்வொன்றாக அதனிடம் கொடுத்தால், பக்கத்துக்கு ஓர் உரைக்கோப்பு கிடைக்கும். எழுத்துகளை மட்டும் கொண்டு, அலங்காரம் எதுவுமில்லாத கோப்பே உரைக்கோப்பு. நூற்றிருபத்து நான்கு பக்கமுள்ள ஒரு பழைய சமய நூலை இப்படிச் செய்தால் நம் கையில் நூற்றிருபத்து நான்கு கோப்புகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, பிரதி செய்து, ஒட்டி, மூடி வருவது சாத்தியமே. ஆனால் அறுபதாவது பக்கத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்து, திரும்பி வந்து அமரும்போது அறுபதாவதை ஒட்டியாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடுமாயின், அதுவரை பட்ட பிரயாசை முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாகிவிடும்.

மூன்றெழுத்துக் கட்டளை

இந்தச் சிரமத்தைத் தீர்க்கும் கருவி ஒன்று நெடுங்காலமாகவே உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969 இல் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் தோற்றுவித்த யுனிக்ஸ் என்னும் இயங்குதளம், அக்காலத்துப் பெரிய கணினிகளின் சிக்கலான வழிமுறைகளுக்கு மாறாக, ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்யும் சிறு சிறு கருவிகளைப் படைத்து, அவற்றைத் தேவைக்கேற்பச் சேர்த்துப் பயன்படுத்தும் சம்பிரதாயத்தை வளர்த்தது. 1971 நவம்பர் 3 ஆந் திகதியிட்டு வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே, சி, ஏ, ரி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு கட்டளை இடம் பெற்றிருந்தது. நம் ஒலிக்கேற்ப அதைக் ‘கற்’ என்று எழுதுகிறேன். இன்று லினக்ஸ் பூண்ட கணினியிலும் அப்பிள் கணினியிலும் அக்கட்டளை அதே பெயரோடு உயிர் வாழ்கிறது.

கட்டளைவரி என்பது படங்களும் பொத்தான்களும் இல்லாமல், விசைப்பலகையில் ஒரு வரியை எழுதிக் கணினியை ஏவும் இடம். அங்கே ‘கற்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதினால், முதற் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை வெளியிட்டு, அதன் முடிவிலேயே இரண்டாவதைத் தொடங்கி, இவ்வாறே கடைசிவரை சென்று அந்தக் கருவி ஓய்ந்துவிடும். வெளிவருவது சாதாரணமாகத் திரையில் தோன்றும். அதைத் திரைக்கு அனுப்பாமல் புதியதொரு கோப்பில் சேமிக்க வேண்டுமானால், வலப்பக்கம் நோக்கிய கூர்முனைக் குறியை இட்டு அதன்பின் புதுக் கோப்பின் பெயரை எழுதினால் போதும்.

இக்கருவிக்குப் பக்கம் என்பது தெரியாது. சொல் என்பதும், எழுத்து என்பதும் தெரியாது. தன்னிடம் வந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் கொடுத்துவிடுவது ஒன்றே அதன் தொழில். இந்த அறியாமையையே நான் அதன் மிகப் பெரிய குணமாக மதிக்கிறேன். நமக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு எழுத்தைத் திருத்தும் மென்பொருள்கள் மலிந்துவிட்ட காலத்தில், பழைய நூல் ஒன்றின் பிழைகளைக்கூடப் பிழைகளாகவே காத்துத் தரும் ஒரு கருவி கிடைப்பது பாக்கியமாகும். ஆனால் கருவி அறியாதவற்றையெல்லாம் அதை ஏவுகிறவர் அறிந்திருக்க வேண்டும் என்பதும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

மூன்று ஊர்ப் பெயர்கள்

கூட்டாமலும் குறைக்காமலும் என்று சொன்னதை ஒரு சிறு பரிசோதனையால் நிரூபித்துக்கொள்ளலாம். மூன்று கோப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் கொழும்பு என்றும், இரண்டாவதில் வெள்ளவத்தை என்றும், மூன்றாவதில் கொட்டாஞ்சேனை என்றும் மட்டும் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் புதுவரி விசையை ஒருமுறை அழுத்துவோம். அவ்விசை கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியை அங்கே பதிக்கிறது. அதை வரிமுடிவுக் குறி என்போம்.

கணினி தன் நினைவில் வைத்திருக்கும் சிறு பெட்டிக்குப் பைட்டு என்று பெயர். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இன்று உலகெங்கும் வழங்கும் யுனிகோட் என்னும் எழுத்துக் குறியீட்டின் யூரிஎப்-8 முறையிலோ தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். கொழும்பு என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ககரமும் ஒகரக் குறியும், ழகரமும் உகரக் குறியும், மகரமும் புள்ளியும், பகரமும் உகரக் குறியுமாக எட்டுக் குறிகள். எட்டை மூன்றால் பெருக்க 24; வரிமுடிவுக் குறி ஒன்றைக் கூட்ட 25 பைட்டு. அவ்வாறே வெள்ளவத்தை பத்துக் குறிகளால் 31 பைட்டும், கொட்டாஞ்சேனை பன்னிரண்டு குறிகளால் 37 பைட்டும் பெறுகின்றன.

மூன்றையும் கற் கட்டளையால் சேர்த்துப் பார்த்தால் புதிய கோப்பின் அளவு 93 பைட்டு. 25, 31, 37 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 93. எத்தனை ஆயிரம் கோப்புகளைச் சேர்த்தாலும் இந்தச் சமன்பாடு பிசகாது. உறுப்புகளின் அளவைக் கூட்டி முழுமையின் அளவோடு ஒப்பிடுவதே, ஒரு பக்கமும் விடுபடவில்லை என்பதை நிர்ணயிக்கும் முதற் சோதனை. எண்ணித் தருவதற்கென்றே டபிள்யூ, சி என்னும் ஈரெழுத்துக் கட்டளையும் யுனிக்ஸில் உண்டு. பல கோப்புகளின் பெயரைக் கொடுத்தால் தனித்தனி அளவுகளையும் இறுதியில் மொத்தத்தையும் அதுவே சொல்லிவிடும்.

நூற்றிருபத்து நான்கு பக்கங்கள்

இப்பொழுது நம் நூலுக்கு வருவோம். நூற்றிருபத்து நான்கு பெயர்களையும் கையால் எழுத எவரும் விரும்பார். யுனிக்ஸ் கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள இடந்தருவதால், கோப்புகள் பக்கம்-1, பக்கம்-2 என்று பெயர் பெற்றுள்ளன என்று கொள்வோம். கட்டளை இவ்வாறு அமையும்:

கற் பக்கம்-* > முழுநூல்

உடுக்குறி இருக்கும் இடத்தில் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்பது இதன் பொருள். அந்தக் குறியைப் புரிந்துகொள்வது கற் அன்று. நமக்கும் கருவிக்கும் இடையே நின்று வரியைப் படித்துப் பொருள் கொள்ளும் ஷெல் என்னும் செயலியே, பக்கம்- என்று தொடங்கும் பெயர்களைத் தேடி, வரிசைப்படுத்திக் கற் என்பதிடம் ஒப்படைக்கிறது. அந்த வரிசையோ நாம் முன்னர்க் கண்ட அகராதி வரிசை. முதற் பக்கத்தின் பின் 10 முதல் 19 வரையுள்ள பத்தும், 100 முதல் 124 வரையுள்ள இருபத்தைந்தும் முந்திக்கொள்வதால், இரண்டாம் பக்கம் முப்பத்தேழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். நூல் பார்வைக்கு முழுமையாக இருக்கும், பைட்டுக் கணக்கும் சரியாக இருக்கும். ஆயினும் நூலின் பொருள் குலைந்து போயிருக்கும். ஏட்டுச் சுவடியின் கயிறு அறுந்து ஓலைகள் சிதறிய பின், ஓரத்து இலக்கங்களைப் பாராமல் கைக்கு வந்தபடி மறுபடி கோத்துவிட்டால் நேரும் கதியே இதற்கும் நேர்கிறது.

பரிகாரம் மிக எளிது. பெயரிடும்போதே 001, 002, 003 என்று முன்னே பூச்சியங்களை இட்டு, எல்லா இலக்கங்களையும் ஒரே நீளமுடையனவாக ஆக்கிவிட்டால், அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. வானில் பாட்டுக் கேட்பவருக்கும் இதே உபாயம் பலிக்கும்.

இன்னொரு பள்ளம் உண்டு. சேர்த்த கோப்புக்குப் பக்கம்-எல்லாம் என்று பெயர் சூட்டி அதே கோப்புறையில் வைத்தால், முதன்முறை தீங்கின்றித் தப்பினாலும், இரண்டாம் முறை கட்டளையை இயக்கும்போது உடுக்குறி அந்தக் கோப்பையும் ஒரு பக்கமாகவே எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். அவ்வாறாயின் தான் எழுதுவதையே தான் வாசித்து, வாசித்ததையே மீண்டும் எழுதி, முடிவின்றி வளரும் கோப்பு உருவாக ஏது உண்டாகும். இக்காலத்துக் கற் இதைக் கண்டுபிடித்து எச்சரித்து நிறுத்திவிடுவதுண்டு. ஆனாலும் முழுநூலை வேறு பெயரில் வேறு கோப்புறையில் வைப்பதே உத்தமம். கூர்முனைக் குறி, தான் சுட்டும் கோப்பு முன்பே இருந்தால் அதன் பழைய உள்ளடக்கத்தை ஒரு வார்த்தையும் கேளாமல் அழித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஒட்டிக்கொள்ளும் சொற்கள்

ஒவ்வொரு சொல்லின் பின்னும் புதுவரி விசையை அழுத்தும்படி சொன்னதற்குக் காரணம் உண்டு. உரையின் ஒவ்வொரு வரியும், கடைசி வரி உட்பட, வரிமுடிவுக் குறியோடு முடியவேண்டும் என்பது யுனிக்ஸ் மரபு. தட்டச்சு செய்வோர் பலர் கடைசிச் சொல்லோடு கையை எடுத்துவிடுவர். அப்படி முடிந்த பக்கத்தின் ஈற்றில் கொழும்பு என்றும், அடுத்த பக்கத்தின் முதலில் நகரில் என்றும் இருந்தால், சேர்ந்த நூலில் அவ்விரண்டும் கொழும்புநகரில் என்று ஒரே சொல்லாகிவிடும். ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டு உடனே கண்ணை உறுத்தும். சொற்கள் புணர்ந்து நிற்பது நம் மொழியின் இயல்பாகையால், தமிழில் மெய்ப்புப் பார்ப்பவர் இதை ஆசிரியரின் நடை என்றே கருதித் தாண்டிப் போய்விடுவார். ஆகவே தமிழ் உரைகளில் இந்தச் சிறு குறிக்கு அதிக மரியாதை செலுத்தவேண்டியிருக்கிறது.

இதற்கு ஏ, டபிள்யூ, கே என்னும் எழுத்துகளால் ஆன ‘ஓக்’ கருவி துணைசெய்யும். 1977 இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர் படைத்தது அது. ஓக் என்று எழுதி, அடுத்து 1 என்னும் இலக்கத்தை இட்டு, பின்னர் கோப்புகளின் பெயர்களைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் உள்ளபடியே வெளியிட்டு, முடிவுக்குறி இல்லாத வரிக்கு மட்டும் அதைச் சேர்த்துத் தந்துவிடும். அவ்வாறு சேர்த்த குறிகளின் அளவு மட்டும் பைட்டுக் கணக்கு கூடிநிற்கும்.

எனினும் இதுவும் பூரண மருந்தன்று. பழைய தமிழ் அச்சகங்கள் பல, சொல்லைப் பிரிப்பதற்கு இணைகோடு இடுவதில்லை. ஒரு பக்கத்தின் ஈற்றில் கொட்டாஞ் என்றும் மறு பக்கத்தின் தலைப்பில் சேனை என்றும் அச்சிடுவது அவர்களுக்குச் சாதாரணம். அங்கே ஒட்டுவதே சரி. மேலே கண்ட இடத்தில் பிரிப்பதே சரி. எந்த இடத்தில் எது என்பதைத் தமிழறிந்தவரின் கண் தவிர வேறெதுவும் தீர்மானிக்க முடியாது. நூற்றிருபத்து நான்கு பக்கங்களுக்கு நூற்றிருபத்து மூன்று சந்திகளே உள்ளன. அவற்றை ஒருமுறை பார்வையிடும் பொறுமை, நூலைக் காக்கப் புறப்பட்டவரிடம் கட்டாயம் இருக்கவேண்டும்.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு எழுத்துகள்

இலங்கையில் நெடுங்காலம் அச்சகங்களும் காரியாலயங்களும் பாமினி என்னும் எழுத்துருவையே ஆண்டு வந்தன. அதில் ஆங்கில எழுத்துகள் அமர்ந்த ஆசனங்களில் தமிழ் உருவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. அம்மா என்று நாம் பதிந்தால், கோப்பில் உண்மையாக உறைவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. பாமினியை அணிவித்தால் மட்டுமே அவை அம்மா என்று காட்சி தரும். மதுரைத் திட்டத்தின் தொடக்ககால உரைகளோ வேறு முறைகளில் அமைந்து, பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றப்பட்டன. பாமினியில் பதிந்த பக்கம் ஒன்றையும் யுனிகோட்டில் பதிந்த பக்கம் ஒன்றையும் கற் கட்டளையிடம் கொடுத்தால், பேதம் பாராமல் இரண்டையும் கோத்துவிடும். முழுநூலின் நடுவே பொருளற்ற ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக நிற்கும். எல்லாவற்றையும் முதலில் ஒரே முறைக்கு மாற்றி, அதன்பின்னரே சேர்க்கவேண்டும். ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கியளித்த பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் இந்தப் பணியில் செய்த உபகாரம் பெரிது.

இதைவிட நுட்பமான தொல்லை யுனிகோட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொ என்னும் எழுத்தை, ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றை இட்டும் எழுதலாம். ககரத்தின் பின் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் முதல் வகையில் கொழும்பு 24 பைட்டு, இரண்டாம் வகையில் 27. ஒரு பக்கத்தை ஒருவரும் அடுத்ததை வேறொருவரும் வெவ்வேறு கருவிகளால் பதிந்திருந்தால், முழுநூலில் கொழும்பு என்று தேடும்போது பாதி இடங்கள் அகப்படாமல் போகக்கூடும். கண் காணாததைப் பைட்டுக் கணக்குக் காட்டிக்கொடுப்பதற்கு இது நல்ல உதாரணம். விண்டோஸ் கணினிகளில் உருவான கோப்புகள் சிலவற்றின் தலைப்பில், புலப்படாத மூன்று பைட்டு அடையாளம் ஒன்றும் ஒட்டியிருக்கும்; சேர்த்த பின் அது நூலின் நடுவே சிக்கி, பக்கத்தின் முதற் சொல்லைச் சில வகைத் தேடல்களுக்கு எட்டாததாக்கிவிடக்கூடும்.

சேர்த்த நூலை வினவுதல்

முழுநூல் கைக்கு வந்தபின் அதனிடம் கேள்வி கேட்கலாம். ஒரு கருவியின் விளைவை நேரே மற்றொரு கருவியினுள் செலுத்தும் குழாய் என்னும் ஏற்பாட்டை, பெல் ஆய்வுக்கூடத்தவரான டக்ளஸ் மக்கில்ரோயின் தூண்டுதலால் 1973 இல் கென் தொம்சன் யுனிக்ஸில் அமைத்தார். 1986 இல், ஓர் உரையில் மிகுதியாகப் பயிலும் சொற்களைக் கணக்கிடும் பணிக்கு, கணினிப் பேரறிஞர் டொனால்ட் க்னூத் பல பக்கங்கள் நீண்ட அழகிய நிரலொன்றை எழுத, அதை மதிப்பிட்ட மக்கில்ரோய், ஆறு கட்டளைகளைக் குழாய்களால் இணைத்து அதே விடையைப் பெற்றுக் காட்டினார். உரையை வரிக்கு ஒரு சொல்லாக உடைத்து, வரிசைப்படுத்தி, ஒன்றான சொற்களை எண்ணி, எண்ணிக்கைப்படி மறுபடி அடுக்குவதே அதன் சாரம்.

அந்தப் புகழ்பெற்ற வரியைத் தமிழ் நூலின்மேல் அப்படியே ஏவினால் ஒரு சொல்லும் மிஞ்சாது. ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் வரிமுடிவாக மாற்று என்பதே அதன் முதற் கட்டளையாகையால், தமிழ் முழுவதும் வெற்று வரியாகிவிடும். சொல்லிடைவெளிகளை மட்டும் வரிமுடிவாக மாற்றும்படி அதைத் திருத்திக்கொண்டால் போதும். அது தமிழ் எழுத்துகளின் பைட்டுகளைச் சிதைத்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. 1992 செப்டெம்பரில், நியூ ஜெர்சியின் உணவகமொன்றில் மேசை விரிப்பின்மேல் தொம்சனும் அவர் சகாவான ரொப் பைக்கும் வகுத்த யூரிஎப்-8 முறை, இடைவெளிக்குரிய பைட்டு வேறெந்த மொழியின் எழுத்துக்குள்ளும் உறுப்பாக வராதபடி அமைந்திருக்கிறது.

கிடைக்கும் பட்டியலின் தலைப்பகுதியில் ‘ஒரு’, ‘என்று’, ‘இது’ போன்ற சொற்கள் நிற்கும். அவற்றில் அதிக சுவாரசியம் இல்லை. அடிப்பகுதியிலுள்ள, ஒரேயொரு தடவை மட்டும் வரும் சொற்களே நமக்கு வேண்டியவை. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட னை, லை, றா முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு எழுத்துணரி தடுமாறி, இல்லாத சொற்களைச் சிருஷ்டித்திருந்தால், அவை பெரும்பாலும் இங்கேதான் வந்து தங்கும். அரிய சொற்களும் அவற்றோடு கலந்தே நிற்கும் என்பதால், ஒவ்வொன்றையும் மூலப் படத்தோடு ஒப்புநோக்கியே முடிவு செய்யவேண்டும்.

ஐயத்துக்குரிய சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முழுநூல் சொல்லாது. சேரும்போது பக்க எல்லைகள் மறைந்துவிட்டன. ஆனால் தனிப் பக்கக் கோப்புகள் இன்னும் நம்மிடம் உள்ளன. கிரெப் என்னும் தேடற் கருவிக்கு அந்தச் சொல்லையும் பக்கம்-* என்பதையும் கொடுத்தால், சொல் உள்ள வரியையும் அதற்கு முன்னே பக்கக் கோப்பின் பெயரையும் அது எழுதிக் காட்டும். திருத்தத்தையும் அந்தப் பக்கக் கோப்பிலேயே செய்யவேண்டும். முழுநூலில் ஒருபோதும் கை வைக்கலாகாது. பக்கத்தைத் திருத்தியபின் அதே ஒருவரிக் கட்டளையை மறுபடி ஏவினால், திருத்திய முழுநூல் சில கணங்களில் மீண்டும் ஆயத்தமாகிவிடும். அடுத்த பிழை அகப்படும்போதும் அவ்வாறே.